.285 எப்படி .316-ஐ விடப் பெரியதாகிறது?

கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கியின் வாழ்நாள் பேட்டிங் சராசரி .285. லாயிட் வேனரின் சராசரி .316. இருவரும் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழரங்கில் இடம்பெற்றவர்கள். அப்படியிருக்க, குறைந்த சராசரி உள்ள யாஸ்ட்ரெம்ஸ்கியையே மிகப் பெரிய பேட்டர் என்று விவரம் அறிந்தவர்கள் சொல்வது எந்தக் கணக்கில் என்பதும், ஓர் ஆட்டக்காரரின் வாழ்நாள் எண்களை லீக் சராசரியோடு முறைப்படி ஒப்பிடுவது எப்படி என்பதும் இங்கே கேட்கப்பட்ட கேள்வி. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லீக் சராசரியை 100 என்று வைத்து அளக்கும் ஓ.பி.எஸ். பிளஸ் என்ற குறியீட்டில் யாஸ்ட்ரெம்ஸ்கி 130, வேனர் 99. ஒருவர் இருபத்துமூன்று ஆண்டுகள் சராசரியைவிட ஏறத்தாழ முப்பது விழுக்காடு மேலே நின்றவர், மற்றவர் தம் காலத்துச் சராசரி பேட்டரைவிட மயிரிழை கீழே நின்றவர். இந்த இரு எண்களும் எப்படிக் கிடைக்கின்றன, அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைத்தான் விளக்க வேண்டும்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்காக ஒரு குறிப்பு. கிரிக்கெட்டில் சராசரி என்பது எடுத்த ரன்களை ஆட்டமிழந்த தடவைகளால் வகுத்துக் கிடைப்பது. பேஸ்பாலில் அது ஹிட்களை ‘அட்-பேட்’ (மட்டை பிடித்த தடவை) எண்ணிக்கையால் வகுத்துக் கிடைப்பது. பந்தை அடித்து, ஓடிச் சேர வேண்டிய ‘பேஸ்’ எனும் நான்கு நிலைகளில் முதலாவதையாவது ஆட்டமிழக்காமல் அடைவதே ஹிட். .285 என்றால் ஆயிரம் அட்-பேட்டில் 285 ஹிட் என்று பொருள். நான்கு தவறான பந்துகளைப் பெற்று முதல் பேஸுக்கு நடந்து செல்லும் ‘வாக்’ அட்-பேட் கணக்கில் சேராது. ஓர் அடி அடித்து முதல் பேஸோடு நின்றாலும், பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பி ஹோம் ரன் எடுத்தாலும், இந்தச் சராசரிக்கு இரண்டும் ஒரே ஹிட்தான். இந்த இரண்டு குறைகளுக்கும் பின்னர் வருகிறேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, லீக் சராசரி ஓரிடத்தில் நிற்பதில்லை என்பது. அமெரிக்காவின் உயர்மட்டப் பேஸ்பாலில் நேஷனல் லீக், அமெரிக்கன் லீக் என்று இரண்டு மேஜர் லீகுகள் உண்டு. 1930-இல் நேஷனல் லீகின் மொத்தச் சராசரி .303. அதாவது அந்த லீகில் பந்து வீசுவதற்காகவே ஊதியம் பெற்ற பிட்சர்களையும் சேர்த்து, எல்லோரையும் ஒன்றாகக் கூட்டினாலும் .300-க்கு மேல். எட்டு அணிகளில் ஆறு .300-ஐத் தாண்டின. பிலடெல்பியா பில்லீஸ் அணி .315 அடித்தும் 52 வெற்றி, 102 தோல்வியோடு கடைசி இடத்தில் முடித்தது. அவர்களுடைய பிட்சர்களின் பந்துகளை மற்ற அணிகள் அதைவிட நன்றாக அடித்தன என்பதே காரணம். 38 ஆண்டுகள் கழித்து, 1968-இல் அமெரிக்கன் லீகின் மொத்தச் சராசரி .230. அந்த ஆண்டு அந்த லீகில் தகுதியான எண்ணிக்கையில் ஆடி .300-ஐத் தொட்டவர் ஒரே ஒருவர். அவர் யாஸ்ட்ரெம்ஸ்கி, .301. இரண்டாம் இடம் பிடித்த டேனி கேட்டரின் சராசரி .290.

இந்த இடைவெளிக்குத் திறமைக் குறைவு காரணமன்று. 1920-இல் எச்சில் தடவிய பந்து தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரே சாப்மன் என்ற ஆட்டக்காரர் தலையில் பந்து பட்டு இறந்த பிறகு, அழுக்கேறிய பந்துகளை உடனுக்குடன் மாற்றும் வழக்கம் வலுப்பட்டது. வெண்மையான, இறுக்கமான பந்து பேட்டருக்கு நன்றாகத் தெரிந்தது, வெகுதூரம் பறந்தது. அடி மிதமிஞ்சிப் போனதால் 1931-இல் பந்தின் தையலை உயர்த்தி, பிட்சருக்குப் பிடிமானம் கிடைக்கும்படி மாற்றினார்கள். நேஷனல் லீக் சராசரி ஒரே ஆண்டில் .303-இலிருந்து .277-க்கு இறங்கியது. 1960-களில் காற்று எதிர்த்திசையில் வீசியது. 1963-இல் ஸ்ட்ரைக் எல்லையை (பந்து அதற்குள் வந்தால்தான் சரியான வீச்சு) தோள்பட்டையின் மேற்பகுதியிலிருந்து முழங்காலின் கீழ்ப்பகுதி வரை விரித்தார்கள். பிட்சர் நின்று வீசும் மேடு 15 அங்குலம் உயரம் இருக்கலாம் என்பது அப்போதைய விதி. அதன் உச்சமாக 1968-இல் செயின்ட் லூயிஸ் அணியின் பாப் கிப்சன் ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.12 ரன் என்ற அளவில் மட்டுமே விட்டுக்கொடுத்தார். 1969-இல் மேட்டை 10 அங்குலமாகக் குறைத்து, ஸ்ட்ரைக் எல்லையையும் சுருக்கினார்கள். அமெரிக்கன் லீக் சராசரி .246-க்கு ஏறியது. பந்தும் மேடும் எல்லையும் மாறும்போது எல்லோருடைய எண்களும் சேர்ந்து நகர்கின்றன. லீக் சராசரியோடு ஒப்பிடுவதன் நோக்கமே அந்தப் பொது நகர்வைக் கழித்துவிட்டு, தனி ஒருவருடைய பங்கை மட்டும் பிரித்துப் பார்ப்பதுதான்.

கணக்கை ஒரே ஒரு ஆண்டில் செய்து பார்த்தால் விளங்கும். 1929-இல் பிட்ஸ்பர்க் அணிக்காக வேனர் 662 அட்-பேட்டில் 234 ஹிட் அடித்தார். சராசரி .353. அந்த ஆண்டு நேஷனல் லீக் சராசரி .294. சராசரி பேட்டர் ஒருவருக்கு அதே 662 வாய்ப்பைக் கொடுத்திருந்தால் ஏறக்குறைய 195 ஹிட் வந்திருக்கும். ஆகவே வேனர் கூடுதலாகச் சேர்த்தது 39. 1968-இல் யாஸ்ட்ரெம்ஸ்கி 539 அட்-பேட்டில் 162 ஹிட் அடித்தார். .230 லீகில் சராசரி பேட்டரிடம் எதிர்பார்க்கக்கூடியது 124. கூடுதல் 38. காகிதத்தில் .353-க்கும் .301-க்கும் நடுவே பெரும் பள்ளம் தெரிகிறது. ஆனால் தத்தம் காலத்துச் சராசரிக்கு மேல் இருவரும் சேர்த்த ஹிட்கள் ஏறத்தாழ சமம், அதையும் யாஸ்ட்ரெம்ஸ்கி 123 அட்-பேட் குறைவாக எடுத்துக்கொண்டு செய்திருக்கிறார். விகிதமாகப் பார்த்தால் வேனர் லீகைவிட 20 விழுக்காடு மேலே, யாஸ்ட்ரெம்ஸ்கி 31 விழுக்காடு மேலே. அதே 31 விழுக்காட்டின் அருகில்தான் 1930-இல் .401 அடித்த பில் டெரியும் நிற்கிறார். .401-ஐ .303-ஆல் வகுத்தால் 1.32. வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்கப்பட்ட .401-உம், பலர் ஏளனமாகப் பேசிய .301-உம் லீகோடு ஒப்பிடும்போது ஏறக்குறைய ஒரே உயரம். பேஸ்பால் புள்ளிவிவரத்தில் இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

வாழ்நாள் ஒப்பீடு என்பது இதே கணக்கை ஒவ்வோர் ஆண்டுக்கும் தனித்தனியே செய்து கூட்டுவதுதான். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ஆட்டக்காரரின் வாழ்நாள் சராசரியை எடுத்து, அவர் ஆடிய காலத்து லீக் சராசரிகளைச் சாதாரணமாகக் கூட்டி வகுத்து, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுவிடுகிறார்கள். வேனரையே எடுத்துக்கொள்ளுங்கள். அடி மிகுந்த அந்த 1930-இல் அவர் ஆடியது 68 ஆட்டங்கள் மட்டுமே. அவற்றில் அவருடைய சராசரி .362. அந்த ஆண்டின் .303-க்கும் 1929-இன் .294-க்கும் சம எடை கொடுத்தால், அவர் பெரும்பாலும் பங்கேற்காத ஒரு செழிப்பான ஆண்டை அவர் தலையில் ஏற்றியவர்கள் ஆவோம். ஒவ்வோர் ஆண்டின் லீக் சராசரியையும் அந்த ஆண்டில் அவர் பெற்ற வாய்ப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கி, ‘சராசரி பேட்டர் இவருடைய இடத்தில் நின்றிருந்தால்’ என்ற ஒரு நிழல் வாழ்நாளைக் கட்டி, அதோடு ஒப்பிடுவதே சரியான முறை. அவர் எந்த லீகில் ஆடினாரோ அந்த லீகின் சராசரியையே எடுக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1968-இல்கூட நேஷனல் லீக் எண்கள் அமெரிக்கன் லீகின் எண்கள் அல்ல.

இனி, பேட்டிங் சராசரியின் குறைகள். வேனர் தம் வாழ்நாளில் பெற்ற ‘வாக்’ 420. யாஸ்ட்ரெம்ஸ்கி பெற்றவை 1,845. ஆட்டமிழக்காமல் பேஸை அடைந்த விகிதத்தை (ஆன்-பேஸ்) பார்த்தால் வேனர் .353, யாஸ்ட்ரெம்ஸ்கி .379. லீக், காலம் என எதையும் சரிக்கட்டுவதற்கு முன்பே, வெறும் எண்ணாகவே, வரிசை தலைகீழாகிவிட்டது. அடியின் வலுவைக் காட்டும் ஸ்லக்கிங் விகிதத்தில் (ஓர் அட்-பேட்டுக்குக் கிடைத்த பேஸ்களின் எண்ணிக்கை) வேனர் .393, யாஸ்ட்ரெம்ஸ்கி .462. வேனர் 1927-இல் அறிமுக ஆண்டிலேயே 223 ஹிட் அடித்துப் பெயர் பெற்றவர், ஆனால் அவற்றில் 198 ஒரே பேஸுக்கானவை. வாழ்நாள் முழுவதிலும் அவருக்கு 27 ஹோம் ரன்கள். யாஸ்ட்ரெம்ஸ்கிக்கு 452. ஆகவே பேட்டிங் சராசரியை மட்டும் லீகோடு ஒப்பிட்டால் பாதி உண்மைதான் கிடைக்கும். ஒப்பிட வேண்டியவை இந்த இரண்டு விகிதங்கள்.

ஓ.பி.எஸ். பிளஸ் அதைத்தான் செய்கிறது. ஆட்டக்காரரின் ஆன்-பேஸ் விகிதத்தை லீகின் ஆன்-பேஸ் விகிதத்தால் வகுக்க வேண்டும். ஸ்லக்கிங்கையும் அவ்வாறே வகுக்க வேண்டும். இரண்டையும் கூட்டி, ஒன்றைக் கழித்து, நூறால் பெருக்க வேண்டும். 1968-இல் யாஸ்ட்ரெம்ஸ்கியின் ஆன்-பேஸ் .426, லீகினுடையது .297. ஸ்லக்கிங் .495, லீகினுடையது .339. முதல் வகுத்தல் 1.43, இரண்டாவது 1.46. கூட்டி ஒன்றைக் கழித்தால் 1.89, அதாவது 189. ஆனால் அட்டவணைகளில் அந்த ஆண்டுக்கு அவருக்கு 170-ஐ ஒட்டிய எண்ணே இருக்கும். கணக்கைக் கையால் போட்டுப் பார்த்துவிட்டு இந்த வேறுபாட்டால் குழம்புபவர்கள் பலர். வேறுபாட்டுக்கு இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டும் முக்கியமானவை.

முதலாவது, பிட்சர்களின் பேட்டிங். அக்காலத்தில் பிட்சர்களும் மட்டை பிடிக்க வேண்டும், அவர்களில் பெரும்பாலோர் மிக மோசமாக அடிப்பவர்கள். அவர்களைச் சேர்த்த லீக் சராசரி செயற்கையாகத் தாழ்ந்திருக்கும், அதோடு ஒப்பிட்டால் எல்லாப் பேட்டர்களும் உயர்ந்தவர்களாகத் தெரிவார்கள். ஆகவே பிட்சர்களை நீக்கிவிட்டு லீக் சராசரியைக் கணக்கிடுகிறார்கள். யாஸ்ட்ரெம்ஸ்கியின் விஷயத்தில் இது இன்னும் அவசியமாகிறது. அவர் 1961 முதல் 1983 வரை ஆடினார். 1973-இல் அமெரிக்கன் லீக் பிட்சருக்குப் பதிலாக மட்டை பிடிக்க மட்டும் ஒருவரை அனுமதிக்கும் விதியைக் கொண்டுவந்தது. லீக் சராசரி 1972-இல் .239, 1973-இல் .259. இந்த ஏற்றத்தின் பெரும் பகுதி, மோசமாக அடிப்பவர்கள் கணக்கிலிருந்து விலகியதால் வந்தது. அவருடைய முதல் பன்னிரண்டு ஆண்டுகளைப் பிட்சர்கள் சேர்ந்த சராசரியோடும், அடுத்த பதினோரு ஆண்டுகளைப் பிட்சர்கள் இல்லாத சராசரியோடும் ஒப்பிட்டால், பாதி வழியில் அளவுகோலையே மாற்றியது போலாகும்.

இரண்டாவது, மைதானம். பேஸ்பால் மைதானங்கள் ஒரே அளவில் கட்டப்படுவதில்லை. யாஸ்ட்ரெம்ஸ்கியின் சொந்த மைதானமான பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் இடப்பக்கச் சுவர் 37 அடி உயரம், ஆனால் மிக அருகில் நிற்பது. வேறு மைதானங்களில் பிடிபட்டிருக்கும் உயரமான பந்துகள் பல அங்கே சுவரில் மோதி இரண்டு பேஸ் அடியாகின்றன. யாஸ்ட்ரெம்ஸ்கி இடக்கைப் பேட்டர். அவருக்கு அது எதிர்ப்பக்கச் சுவர், இருந்தும் அதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார். சொந்த மைதானத்தில் அவருடைய வாழ்நாள் சராசரி .306, வெளியூர்களில் .264. இந்த 42 புள்ளி வேறுபாட்டைக் காட்டி அவரை ஃபென்வேயின் விளைபொருள் என்று சிலர் ஒதுக்குவது எனக்கு ஏற்புடையதன்று. சொந்த மைதானத்தில் எல்லா ஆட்டக்காரர்களும் சற்று நன்றாகவே அடிப்பார்கள், ஆகவே வேறுபாடு முழுவதையும் சுவரின் கணக்கில் எழுத முடியாது. முறையான கணக்கு எப்படிச் செய்யப்படுகிறது என்றால், ஓர் அணியின் சொந்த மைதானத்தில் இரு தரப்பும் சேர்ந்து எடுத்த ரன்களை, அதே அணியின் வெளியூர் ஆட்டங்களில் இரு தரப்பும் எடுத்த ரன்களோடு ஒப்பிட்டு மைதானத்தின் தன்மையைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆட்டங்களில் பாதிதான் சொந்த மைதானத்தில் நடப்பதால், அதில் பாதியளவே திருத்தம் செய்கிறார்கள். 130 என்ற எண் இந்தக் கழிவுகளெல்லாம் போன பிறகு நிற்பது. மைதானத்தின் தாக்கம் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு டென்வரில், கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் உள்ள கூர்ஸ் ஃபீல்டில் ஆடிய டாட் ஹெல்டனைப் பார்க்கலாம். சொந்த ஊரில் .345, வெளியே .287. மொத்தம் .316. வேனரின் அதே எண். ஆனால் ஹெல்டனின் ஓ.பி.எஸ். பிளஸ் 133. ஒரே .316 இரண்டு வேறு மனிதர்களிடம் 99 ஆகவும் 133 ஆகவும் நிற்கிறது.

வேனரைப் பற்றி ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். 99 என்ற எண்ணைப் பார்த்து அவரைச் சாதாரணர் என்று எண்ணிவிடக் கூடாது. லீக் சராசரி என்பது தெருவோரத்துச் சராசரியன்று, நாட்டின் தலைசிறந்த சில நூறு பேர்களின் சராசரி. அதன் அருகே பதினெட்டு சீசன்களில் நிற்பதே அரிது. அவர் வேகமான சென்டர் ஃபீல்டர் (மைதானத்தின் வெளிப்பகுதி நடுவைக் காப்பவர்), அந்த இடத்தைக் காப்பவரிடம் அணிகள் மட்டையிலிருந்து குறைவாகவே எதிர்பார்த்தன. மேலும் ஓ.பி.எஸ். பிளஸ் ஆன்-பேஸுக்கும் ஸ்லக்கிங்குக்கும் சம எடை கொடுக்கிறது. உண்மையில் ரன்களாக மாறுவதில் ஆன்-பேஸுக்கே மதிப்பு அதிகம். அந்த எடையைச் சரியாகக் கொடுக்கும் டபிள்யூ.ஆர்.சி. பிளஸ் போன்ற பிந்தைய குறியீடுகள் வந்திருப்பது அதனால்தான். அவற்றில் வைத்துப் பார்த்தாலும் அவர் சராசரியின் பக்கத்திலேயே இருப்பாரே தவிர, யாஸ்ட்ரெம்ஸ்கியின் அருகில் வரமாட்டார். 1967-இல் அவரைப் புகழரங்கில் சேர்த்தவர்களின் கண்ணில் பட்டது .316-உம் 2,459 ஹிட்களும்தான் என்றே கருதுகிறேன். அந்த எண்கள் எந்தக் காலத்து வயலில் விளைந்தவை என்று அப்போது பலர் கேட்கவில்லை.

லீக் சராசரியே ஒரு நிலையான தரம் அன்று என்பதையும் மறந்துவிடலாகாது. 1947-இல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை மேஜர் லீகுகளில் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு இடம் இல்லை. வேனர் ஆடிய காலம் முழுவதும் அந்தத் தடைக்குள் அடங்குகிறது. அதே ஆண்டுகளில், கறுப்பின ஆட்டக்காரர்களுக்கெனத் தனியாக நடந்த நீக்ரோ லீகுகளில் ஆடிய ஜோஷ் கிப்சனின் .372, 2024-இல்தான் மேஜர் லீகின் அதிகாரபூர்வக் கணக்கில் சேர்க்கப்பட்டு, அதுவரை முதலிடத்தில் இருந்த டை காப்பின் சராசரியைத் தாண்டி முதலிடம் பெற்றது. இப்படிப்பட்டவர்களை வெளியே நிறுத்திய லீகில் 100 என்பது, அவர்களும் ஆடிய லீகின் 100-ஐ விடச் சற்று எளிது என்று கொள்வதே நேர்மை. மறுபக்கம், யாஸ்ட்ரெம்ஸ்கி அறிமுகமான 1961-இல்தான் அமெரிக்கன் லீக் எட்டு அணிகளிலிருந்து பத்தாக விரிந்தது, புதிய இடங்களுக்குச் சற்றுத் தரம் குறைந்த பிட்சர்களும் வந்திருப்பார்கள். இவற்றை எண்ணாக்கிக் கழிப்பது கடினம். ஆகவே வெவ்வேறு காலத்தவர்களில் 130-க்கும் 133-க்கும் உள்ள வேறுபாட்டை வைத்து யாரையும் உயர்த்தியோ தாழ்த்தியோ பேசக் கூடாது. 130-க்கும் 99-க்கும் உள்ள வேறுபாடு வேறு வகை, எந்தத் திருத்தமும் அதை மூடிவிடாது.

கடைசியாக, விகிதத்தோடு அளவையும் பார்க்க வேண்டும். யாஸ்ட்ரெம்ஸ்கியின் 130 என்பது 1967-இல் சராசரி, ஹோம் ரன், ரன் சேர்ப்பு (தம் ஆட்டத்தால் அணிக்கு வரவைத்த ரன்கள்) ஆகிய மூன்றிலும் முதலிடம் பெற்று அவர் தொட்ட 193-ஐயும், நாற்பதைக் கடந்த வயதின் தளர்ந்த ஆண்டுகளையும் சேர்த்துக் கடைந்த எண். முப்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றிருந்தால் விகிதம் உயர்ந்திருக்கும், அணிக்குக் கிடைத்த பயன் குறைந்திருக்கும். விகிதத்தை வாய்ப்புகளால் பெருக்கினால் அந்தப் பயன் தெரியும். அவர் மட்டை பிடிக்க வந்த தடவைகள் 13,992. சராசரி பேட்டர் ஒரு தடவைக்குச் சுமார் 0.11 ரன் உருவாக்குவார் என்று தோராயமாக வைத்தால், அத்தனை தடவைகளுக்கு 1,540 ரன்கள். அதில் முப்பது விழுக்காடு என்றால், சராசரி பேட்டர் ஒருவரைவிட ஏறத்தாழ 460 ரன்கள் கூடுதல். எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட தடவைகள் வந்த வேனருக்கு அதே கணக்கு பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். பத்து ரன் கூடினால் ஒரு வெற்றி கூடும் என்பது பேஸ்பால் ஆய்வாளர்கள் கைக்கொள்ளும் பொது அளவு. ஓர் அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 3.41 ரன் மட்டுமே எடுத்த 1968 போன்ற ஆண்டில் ஒரு வெற்றிக்குப் பத்தைவிடக் குறைவாகவே போதும், 5.68 ரன் எடுத்த 1930-இன் நேஷனல் லீகிலோ பத்துக்கு மேல் தேவைப்படும். ஆகவே யாஸ்ட்ரெம்ஸ்கியின் கூடுதல் ரன்களில் 1967, 1968 ஆகிய ஆண்டுகளில் வந்தவற்றுக்கு, அதே எண்ணிக்கையில் 1930-இல் எடுக்கப்பட்ட ரன்களைவிட அதிக வெற்றிகளை எழுத வேண்டும்.